பேச்சில்லாத புத்தகம்

"பாவம், அந்தப் பிள்ளையிட்ட ஒருத்தருமே வரேல்லை, பாருங்கோ."

அந்தப் பிள்ளை நான்தான். சொன்னவள் பக்கத்து மேசையின் வரிசையில், கணவனுக்கும் மகளுக்கும் நடுவில் நின்றிருந்தாள். நான் தலையைத் தூக்கவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை. கணவன், "மெல்லக் கதையும், கேட்கப்போகுது" என்றான். "கேட்டா என்ன, அதுக்குத் தமிழ் விளங்குமே? மொரிசியஸ் பிள்ளை போல கிடக்கு." "குவாதலூப்பாயும் இருக்கலாம்." "எந்த ஊரெண்டாலும் பாவம்தானே. கடையைத் திறந்து வைச்சிட்டு இலையான் கலைக்கிற மாதிரி." இலையான் என்றால் ஈ. அது தெரிய எனக்கு ஒரு நொடி ஆனது, தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பை இருமலாக மாற்றினேன். அந்த இருமல்தான் முதல் பொய். அப்போதே நிமிர்ந்து, எனக்குத் தமிழ் தெரியுங்க, நான் பாண்டிச்சேரி, முத்தியால்பேட்டை என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்கள், நான் பரவாயில்லை என்றிருப்பேன், அத்துடன் தீர்ந்திருக்கும். ஆனால் என் மேசையின் அட்டையில் ஒதீல் சாவ்ரி என்றுதான் அச்சடித்திருக்கிறது. சவரிராயன் என்ற பெயர் புத்தகத்தின் முதுகட்டையில் அடங்காது என்று பதிப்பகத்தில் வெட்டிவிட்டார்கள், நானும் சரி என்றேன், எதற்கும் சரி என்பேன். சாவ்ரி எந்த ஊர்க்காரியாகவும் இருக்கலாம். ஊர் இல்லாதவளாகவும் இருக்கலாம். இந்தக் கூடம் வாரநாளில் கூடைப்பந்து ஆடும் இடம், என் தலைக்கு மேல் வளையம் தொங்குகிறது, வலை இல்லாத வளையம், காலடியில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ரெமி லக்காஸ் உட்கார்ந்திருக்கிறார், தீயணைக்கும் ஆட்டின் படக்கதையை வரைகிறவர். அந்த ஆட்டைத் தெரியாத குழந்தை பிரெஞ்சு பேசும் ஊர் எதிலும் இல்லை. அவருடைய வரிசை கூடத்தைச் சுற்றி வளைந்து கழிப்பறைக் கதவு வரை போகிறது. அவர் நல்லவர். காலையில் எனக்கு ஒரு புதினா மிட்டாய் கொடுத்து, முதல் புத்தகத்துக்கு எல்லோருக்கும் இப்படித்தான் என்றார். மிட்டாய் இன்னும் காகிதத்தோடு மேசையில் கிடக்கிறது. அதைத் தின்றுவிட்டால் செய்வதற்கு ஒரு வேலை குறைந்துவிடும்.

இந்த ஊர்ப் படக்கதைத் திருவிழாக்களில் வெறும் கையெழுத்துப் போட்டால் போதாது. வாசகர் எதிர் நாற்காலியில் உட்கார்வார், நாம் புத்தகத்தின் வெள்ளைப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு படம் வரைய வேண்டும், பேர் கேட்டு எழுத வேண்டும், அவர் நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை நினைத்து எனக்கு வாரக்கணக்கில் பயம். யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது என் கோடு நடுங்கும். கல்லூரியில் ஆளை எதிரே நிறுத்தி வரையும் வகுப்பில் எப்போதும் கடைசி ஸ்டூல் என்னுடையது, சுவருக்கு முதுகு காட்டி. இன்று அந்தப் பயம் வீண், எதிர் நாற்காலி காலியாகவே இருக்கிறது, நீல நிறப் பிளாஸ்டிக், ஒரு கால் கொஞ்சம் குட்டை. அதைப் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கோணத்திலிருந்தும் வரைவேன். கைபேசியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதற்குள் முன்பு வேலை பார்த்த அனிமேஷன் ஸ்டுடியோவிலிருந்து மேலாளர் மத்தில்த் அனுப்பிய செய்தி இருக்கிறது. இன்று மாலைக்குள் சொல், ஆம் அல்லது இல்லை, உன் இடத்துக்கு வேறு ஆள் காத்திருக்கிறார். நிரந்தர வேலை. தொலைக்காட்சியில் வரும் அணில் தொடரின் அடுத்த மூன்று பருவமும். அதுவரை வெளியில் எந்தப் புத்தகமும் வரையக்கூடாது. மோசமான வேலை என்று சொல்ல முடியாது, அந்த ஸ்டுடியோவில் நாலு வருடம் இருந்தவள்தான் நான். பெரிய அனிமேட்டர் அணிலின் கை கீழே இருப்பதை வரைவார், கை மேலே இருப்பதை வரைவார். கீழிருந்து மேலே கை எப்படிப் போகிறது என்பதை நான் வரைவேன். அதற்குப் பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு, நான் எனக்குள் இடைப்படம் என்று வைத்துக்கொண்டேன். நல்ல இடைப்படம் என்றால் யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டால் தப்பு. அது எனக்கு ரொம்பப் பொருந்தியது. அம்மா பாண்டிச்சேரியில் அந்தத் தொடரை விடாமல் பார்த்தாள், டப்பிங் செய்த தமிழில். விடுமுறைக்குப் போயிருந்தபோது ரிமோட்டோடு உட்கார்ந்துகொண்டு, "இதுல எதுடி நீ போட்டது?" என்றாள். "இடையில வர்றதும்மா." "இடையிலன்னா?" ஒரு இடத்தில் நிறுத்திக் காட்டினேன். அணில் கையை வீசும் கணம், வேகத்துக்காக இழுத்து வரைந்த படம், கைக்கு மூன்று முழங்கை, முகம் ஒரு பக்கம் வழிந்திருந்தது. அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். "மத்ததெல்லாம் நல்லா இருக்குதேடி, இது மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "இல்ல, இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த ராத்திரியில்தான் ஒரு புத்தகம் செய்வது என்று முடிவு செய்தேனா? இல்லை, அப்படிச் சொல்வது கதையாகிவிடும். முடிவெல்லாம் செய்யவில்லை. திரும்பி வந்து, வேலை முடிந்த மாலைகளில், ஒரு அறையில் ஒரு பெண் கெட்டிலை அடுப்பில் வைப்பதை வரைந்தேன். மறுநாள் அவள் கதவைப் பார்ப்பதை. பிறகு நிறுத்த முடியவில்லை, வேலையை விட்டுவிட்டேன்.

நான் வரைந்த அந்தப் பெண் பேசுவதில்லை. புத்தகம் முழுக்கப் படம்தான், பேச்சுக் குமிழே கிடையாது. விமர்சகர் ஒருவர் அதைத் துணிச்சல் என்று எழுதினார். துணிச்சல் ஒன்றுமில்லை, அவள் எந்த மொழியில் பேசுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. பிரெஞ்சில் பேச வைத்தால் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறவள் போல ஆனாள். தமிழில் எழுதிப் பார்த்தேன், பதிப்பாளர் என்ன செய்வார்? அதனால் வாயை மூடி வைத்தேன், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. கடைசிப் பக்கம். காலையில் இங்கே வந்து உட்கார்ந்ததும் மனதுக்குள் ஒரு பந்தயம் கட்டினேன். யாரிடமும் சொல்ல முடியாத அளவுக்குச் சின்னப்பிள்ளைத்தனமான பந்தயம். ஒரே ஒரு ஆள், நான் கூப்பிடாமல், நான் ஒரு வார்த்தை சொல்லாமல், என் கண் முன்னால் இந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை பார்த்தால் மத்தில்துக்கு இல்லை என்று எழுதுவேன், அடுத்த புத்தகத்தைத் தொடர்வேன். யாரும் பார்க்கவில்லையென்றால் ஆம், அணில். மூன்று பருவம் கழித்து எனக்குப் புத்தக ஆசை மிச்சம் இருக்காது, அது எனக்கே தெரியும். இதுவரை வந்தவர்கள்: கழிப்பறை எங்கே என்று கேட்ட ஒரு கிழவர். ரெமியின் வரிசை இங்கேதான் முடிகிறதா என்று கேட்டவர்கள். புத்தகத்தை எடுத்து, விசிறி போல ஓட்டி, எழுத்தில்லையே என்று பயந்ததைப் போலத் திரும்ப வைத்த ஒரு அம்மாள். ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிக்கிறார்கள், எதிரொலியில் புரியவில்லை, இன்னும் ஒரு மணி நேரம் என்றோ அரை மணி என்றோ. வெளியே மழை, கூரைத் தகரத்தில் கேட்கிறது. யாரோ வறுத்த கிழங்கு தின்கிறார்கள். இப்போதே கைபேசியைத் திருப்பி ஆம் என்று எழுதிவிட்டால் என்ன, காத்திருப்பதாவது மிச்சமாகும். கை போகவில்லை. மூன்று முழங்கை இருந்தாலும் போகாது.

"இந்தச் சப்பாத்து காலைக் கடிக்குதப்பா, இனி நிக்கேலாது." அவள்தான். "அதிலதானே ஒரு கதிரை சும்மா கிடக்குது." "அது கையெழுத்து வாங்க வாறவையின்ர கதிரை, வதனி." "ஆர் வாறது? விடுங்கோ, நான் கேக்கிறன்." வதனி என்னிடம் வந்தாள், மகளைக் கையில் பிடித்தபடி. முப்பத்தைந்து இருக்கும், பச்சைக் கோட்டு, ஈரத் தலையைச் சரியாக வாரி இறுக்கிக் கட்டியிருந்தாள். யோசித்து யோசித்து, ஒவ்வொரு சொல்லையும் தட்டில் எடுத்து வைப்பதுபோல் பிரெஞ்சில் கேட்டாள், அம்மணி, நான் இங்கே சிறிது உட்காரலாமா, தயவுசெய்து. இரண்டாவது வாய்ப்பு. உட்காருங்கக்கா என்று சொன்னால் போதும். பேசிப் பழகாத வாய் என்னென்ன செய்யும் தெரியுமா, சொல் தொண்டை வரை வந்து அங்கேயே தன் உடுப்பைச் சரிபார்த்துக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் பேசுவதைத் தவிர எனக்குத் தமிழ் கிடையாது, அதிலும் சாப்பிட்டாயா, குளிரா, எப்போ வர்றே. பேஷான பிரெஞ்சில் தாராளமாக உட்காருங்கள் என்றேன். நன்றி என்றாள். உட்கார்ந்ததும் நாற்காலியின் குட்டைக் கால் டக்கென்று சாய்ந்தது. மகளை மடியில் இழுத்துக்கொண்டு, "சிரிச்ச முகம், ஆனா கதைக்கத் தெரியாது போல" என்று மகளிடம் சொன்னாள். மகள் என்னைப் பார்த்தாள். ஐந்து வயதிருக்கும், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு என் மேசையில் வாசகர் இருப்பதாகத் தோன்றும் என்று நினைத்தேன், நினைத்ததற்கு வெட்கப்பட்டேன், இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சும்மா இருக்க முடியாத கை போல, அவள் கை குவியலின் மேலிருந்த புத்தகத்தை எடுத்தது. நான் மூச்சை அடக்கினேன், பூனை கிட்டே வரும்போது அசையாமல் இருப்பதுபோல. "மிதுஷா, இஞ்ச பாருங்கோ, அப்பா வாறவரைக்கும் இதைப் பாப்பம்." "இதில எழுத்து இல்லையே அம்மா." "எழுத்தில்லாட்டி என்ன, அம்மா சொல்லுறன்." சொல்லத் தொடங்கினாள். என் புத்தகம் பேசத் தொடங்கியது. இவ ஒரு அக்கா. இது இவவின்ர அறை, மூண்டாம் மாடி. புது இடம், ஒருத்தரையும் தெரியாது. நான் பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் அந்தப் பெண்ணோடு ஒரே அறையில் இருந்தவள் நான், அவள் குரலை முதல் தடவையாகக் கேட்கிறேன், அது யாழ்ப்பாணத்துக் குரல். எனக்குச் சரியாகப் பேசவே வராத ஏற்ற இறக்கத்தில் அவள் ஏதோ இத்தனை நாளும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள் போல. மிதுஷா படத்தைத் தொட்டாள், எச்சில் விரலால். "இவ ஏன் கதவுக்குக் கிட்ட போய் நிக்கிறா?" "படியில காலடிச் சத்தம் கேக்குது. தன்ர மனுசன் வாறார் எண்டு நினைக்கிறா. ஆனா அது மேல் வீட்டுக்காரர், நாலாம் மாடிக்குப் போறார்." மனுசனா? நான் அவளுக்குக் கணவனையே வைக்கவில்லை. யாருக்காகவும் இல்லாமல் சும்மா காலடிச் சத்தத்துக்கு எழுந்து போகிறவள் அவள், என்னைப் போல, முதல் வருடம் படிக்கட்டுச் சத்தத்துக்கு நான் எழுந்து போய்க் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பேனே, அது. தப்பு, நீங்கள் சொல்வது தப்பு என்று உள்ளே கத்தினேன். "மனுசன் எங்க போட்டார்?" "ரா வேலை. ரெஸ்ரோறன்ற்றில கோப்பை கழுவப் போட்டார். இவ தனிய." பக்கம் திரும்பியது. சமையல் குழாய். அந்தப் பக்கம் முழுக்க ஒரே படம், திறந்துவிட்ட குழாய், தொட்டியில் விழுந்து தெறிக்கும் தண்ணீர், அவள் அதன் முன் குனிந்து நிற்கிறாள், முகம் தெரியாது. தண்ணீர் வரையப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் வரைந்த பக்கம், அனிமேஷன்காரர்களுக்குத் தண்ணீர் ஒரு வெறி. வதனி அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டாள். "என்ன செய்யிறா அம்மா, கோப்பை கழுவுறாவோ?" "இல்லை. ஊர்ல இருந்து அவவின்ர அம்மா ரெலிபோன் எடுத்திருக்கிறா. கதைச்சு முடிச்சிட்டா. இப்ப அழுறா. பக்கத்து அறைக்காரருக்குக் கேக்கக் கூடாதெண்டு தண்ணியைத் திறந்து விட்டிட்டு அழுறா." "பிறகு?" "பிறகு முகத்தைக் கழுவிப்போட்டுச் சோறு போடுவா. மனுசன் வந்து கேட்டா வெங்காயம் எண்டு சொல்லுவா." மிதுஷா அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். குழந்தைகள் இப்படித்தான் பார்ப்பார்கள், எதையோ எண்ணிக்கொண்டு. "அது அம்மாவா?" "சீ, இது கதை." பிறகு, வரிசையில் நின்ற கணவனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்பாட்ட இதைச் சொல்லாதைங்கோ, என்ன?" என்றாள்.

இனிமேல் நான் வாயைத் திறக்க முடியாது. முன்னே மறைத்தது என் வெட்கத்துக்காக, இப்போது இவளுடையது ஒன்று என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது, கேட்காமல், கதவிடுக்கில் வந்த மாதிரி. இப்போது தமிழ் பேசினால் அது அவள் கன்னத்தில் விடும் அறை. மொரிசியஸ்காரியாகவே இருந்துவிட வேண்டும், நாள் முடிந்து இவள் ரயில் ஏறும் வரை, அதற்குப் பிறகும். எனக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், என் மொழியில் பேசும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாள், நான் சுவரைப் போல இருக்க வேண்டும். நல்ல இடைப்படம் கண்ணில் படாது. பக்கங்கள் குறைந்துகொண்டே வந்தன, அவள் இடது கை கனத்தது, வலது கை மெலிந்தது. பந்தயம் நினைவுக்கு வந்துவிட்டது. வருகிறாள், கடைசிக்கு வருகிறாள், நான் கூப்பிடவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. பெண் சோறு போடுகிறாள். சன்னலை மூடுகிறாள். படியில் மறுபடி காலடி. பெண் எழவில்லை. விளக்கை அணைக்கிறாள். அடுத்து விரித்த இரண்டு பக்கமும் முழுக் கறுப்பு. அந்தக் கறுப்புக்காகப் பதிப்பாசிரியரோடு சண்டை போட்டேன், வாழ்க்கையில் நான் போட்ட ஒரே சண்டை. எல்லோரும் இதுதான் முடிவு என்று மூடிவிடுவார்கள் என்று அவர் சொன்னார். இருட்டு இருட்டின் அளவுக்கு இருக்க வேண்டும் என்றேன் நான். திரைப்படமாக இருந்தால் அந்தக் கறுப்பு திரையில் சில நொடி நிற்கும், எல்லோரும் காத்திருப்பார்கள். நான் அனிமேஷன்காரியின் கணக்கைப் போட்டுவிட்டேன். புத்தகத்தில் நேரம் வாசகரின் விரலில் இருக்கிறது, விரல் காத்திருப்பதில்லை. அவர் சொன்னதுதான் நடந்தது. விமர்சகர்கூட, விளக்கு அணைவதோடு முடியும் துயரக் கதை என்று எழுதினார். அதற்குப் பிறகு இரண்டு பக்கம் இருப்பதை அவர் பார்க்கவேயில்லை. அந்தப் பெண் செருப்பு இல்லாமல் மேலே ஏறுவதை, நாலாம் மாடிக் கதவின் முன்னால் நிற்பதை, தட்டுவதற்குத் தூக்கிய கையை, பதிப்பகத்தாரையும் அச்சகத்தாரையும் தவிர உலகத்தில் யாரும் பார்க்கவில்லை. திருப்புங்கள். இன்னும் ஒரு தாள். திருப்புங்கள். வதனி கறுப்பைப் பார்த்தாள். "இருட்டு" என்றாள் மிதுஷா. "ஓம், நித்திரை கொண்டிட்டா. அவ்வளவுதான்."

"வதனி! கெதியா வாரும், எங்கட முறை!" கணவன் கையை ஆட்டினான். அவன் கையில் ஆட்டுப் புத்தகம். ரெமி நிமிர்ந்து அவர்களைப் பார்த்துச் சிரித்தார். "பிறகு என்ன நடந்தது?" என்றாள் மிதுஷா. "பிறகொண்டும் இல்லை, முடிஞ்சுது. எழும்புங்கோ, ஆடு கீறித் தருவினம்." "இல்லை, பிறகு?" "முடிஞ்சுது எண்டுறனெல்லே." வதனி புத்தகத்தை மூடி, குவியலின் மேல் வைத்து, அட்டையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிச் சரிசெய்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்து, நன்றி அம்மணி, மிகவும் அழகு என்றாள் பிரெஞ்சில். எழுந்தாள். நாற்காலி டக்கென்று மறுபக்கம் சாய்ந்தது. சரி, போகட்டும், அப்படியானால் அணில், நிரந்தரம், மருத்துவக் காப்பீடு, அம்மா சந்தோஷப்படுவாள், அம்மா ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, இதுல எதுடி, எதுடி, பேசக்கூடாது என்பதுதானே பந்தயம், பேசக்கூடாது என்பதுதானே மரியாதை, வெங்காயம் என்று சொல்கிறவளை வெங்காயத்தோடு விட்டுவிட வேண்டும், மிதுஷா அம்மாவின் கையில் தொங்கிக்கொண்டு என்னையே திரும்பிப் பார்க்கிறாள், அவளுக்கு நம்பிக்கை இல்லை, முடிந்ததென்று அவள் நம்பவில்லை,

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்குக்கா."

சத்தமாகவே வந்துவிட்டது. என் குரல் எனக்கே கரகரவென்று கேட்டது. வதனி திரும்பவில்லை, பச்சைக் கோட்டின் முதுகு அப்படியே நின்றது. பிறகு திரும்பினாள். முகத்தில் ரத்தம் ஏறி, காது வரை ஏறி, மெல்ல இறங்குவதைப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் ஏறியிருக்கும்.

"நீங்கள்..." என்றாள். "தமிழோ?"

"பாண்டிச்சேரி."

"அப்ப எல்லாம் கேட்டதோ?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. ஆமென்று தலையை ஆட்டினேன்.

"இலையான் கலைச்சதும்?"

"ம்."

"தண்ணிக் குழாயும்?"

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். கணவன் மறுபடி கூப்பிட்டான், இந்த முறை கொஞ்சம் கோபமாக, பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்றான். அவள் அவனைப் பார்க்காமலேயே, பொறுங்கோ என்பதுபோல் கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, மகளை மடியில் ஏற்றிக்கொண்டு, குவியலின் மேலிருந்த புத்தகத்தை எடுத்தாள், கறுப்புப் பக்கத்தைத் தேடித் திறந்தாள், அதை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.